ஸ்பீக்கர் தராத சுரம் காதில் விழுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். புதுச்சேரியில் ஒருவரிடமிருந்து முழுக்க வால்விலேயே, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களிலேயே, ஓடும் பழைய பேஸ் ஆம்ப் ஒன்றை வாங்கியிருக்கிறார். "பேஸ் குமிழை முழுசாகத் திருப்பியும் சத்தம் கொழகொழவென்றுதான் வருகிறது. அடித்தொனி நெஞ்சில் வந்து இறங்கவில்லை. வால்வு போய்விட்டதா?" என்பது அவர் கேள்வி.

வால்வு போயிருக்காது. முதல் வேலையாக அந்தப் பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள்.

பேஸ் கிட்டாரின் தடித்த இ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் விநாடிக்கு 41 முறை அதிரும். கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் அதிரும். மேற்சுரங்கள் என்று பள்ளியில் படித்தது இவற்றைத்தான். இதில் 41 ஹெர்ட்ஸ் விஷயத்தில் நம் காது ரொம்பவே மந்தம். சர்வதேசத் தர அளவீட்டின்படி, 40 ஹெர்ட்ஸ் ஒலி லேசாகக் காதில் படவே சுமார் 51 டெசிபல் வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்கு 31.5 டெசிபல் போதும். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் ஆற்றலில் 100 மடங்கு. ஒரே ஒரு ஸ்தாயி மேலே ஏறினால் நூற்றில் ஒரு பங்கு ஆற்றலே போதும் என்றாகிறது.

ஸ்பீக்கரின் நிலையும் அதேதான். பேஸ் வாசிப்பவர்கள் இன்றும் கொண்டாடும், ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. ஆம்ப் 1969இல் வந்தது. 300 வாட், மொத்தம் 14 வால்வுகள், அதில் 6 பவர் வால்வுகள். அதற்கென்று உருவான, 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு அடங்கிய பெட்டியே சுமார் 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கிவிடும். ஆனாலும் அதன் முன்னால் நிற்பவர் அடி இ முழுசாகக் கேட்கிறது என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை.

ஒலியியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அடிப்படை அதிர்வை அடியோடு நீக்கிவிட்டு 82, 123, 164 ஆகியவற்றை மட்டும் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சுருதி எது என்று கேட்டால் 82 என்று சொல்ல மாட்டார். 41இன் சுருதியைத்தான் பாடிக் காட்டுவார். காரணம் நேரக் கணக்கில் இருக்கிறது. இரண்டு அட்சரத் தாளமும் மூன்று அட்சரத் தாளமும் ஒன்றாக ஓடினால் குறிப்பிட்ட இடத்தில் சமத்தில் வந்து சேர்கிற மாதிரி, 82 இரண்டு சுற்று முடிக்கும்போது 123 மூன்று சுற்று முடித்து, 164 நான்கு சுற்று முடித்து, மூன்றும் ஒரே கணத்தில் வந்து சேர்கின்றன. அடுத்தடுத்த இரண்டு சேர்க்கைக்கு நடுவே விநாடியில் 41இல் ஒரு பங்கு நேரம். மூளை பிடித்துக்கொள்வது அந்த இடைவெளியை. வந்த அலைகளில் எது பலமானது என்று மட்டும் அது பார்ப்பதில்லை. எல்லாம் எத்தனை நேரத்துக்கு ஒரு முறை ஒத்துப்போகின்றன என்றும் பார்க்கிறது.

ஜெர்மனியில் சீபெக் என்ற இயற்பியலாளர் 1841இலேயே, துளையிட்ட சுழல் தட்டில் காற்றை ஊதி எழுப்பிய ஒலிகளை வைத்து இந்தப் பக்கம் கை காட்டிவிட்டார். ஓம் விதி தந்த அதே ஓம் அவரோடு மல்லுக்கு நின்றார். காதுக்குள்ளேயே ஒரு கீழ் ஒலி உண்டாகிறது, அதைத்தான் கேட்கிறோம் என்று பலரும் நெடுங்காலம் நம்பினார்கள். 1954இல் லிக்லைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் கீழ் அதிர்வுகள் இருக்க வேண்டிய பகுதி முழுவதையும் இரைச்சலால் மூடிக் காட்டினார். அங்கே உண்மையிலேயே ஒரு ஒலி இருந்திருந்தால் இரைச்சலில் அமுங்கிப் போயிருக்கும். சுருதி அப்படியே கேட்டது. தினசரி உதாரணம் வேண்டுமா? பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது; அப்பாவின் குரலின் அடிப்படை அதிர்வோ 100ஐ ஒட்டியது. போனில் அவர் குரல் ஒருபோதும் பெண் குரலாகக் கேட்டதில்லையே!

சரி, வால்வுக்கு வருவோம். சூடான கேதோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது, எதிரே உள்ள தட்டு இழுக்கிறது, நடுவில் உள்ள கம்பி வலை எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்துகிறது. இந்தக் கட்டுப்பாடு நேர்கோடு இல்லை. இழுக்கும் அழுத்தம் 2 மடங்கானால் மின்னோட்டம் சுமார் 2.8 மடங்காகிறது. அதனால் 12ஏஎக்ஸ்7 போன்ற முன்வரிசை வால்வுக்குள் போகும் அலையின் ஒரு பாதி நீள்கிறது, மறுபாதி சப்பையாகிறது. இரண்டு பாதியும் ஒன்றுபோல இல்லாத அலை என்றாலே அதில் இரண்டாம் மடங்கு சேர்ந்துவிட்டது என்று பொருள்: 82. பின்வரிசைப் பவர் வால்வுகளோ எதிரெதிராக ஜோடி சேர்ந்து இழுப்பவை. அங்கே உண்டாகும் இரட்டை மடங்குகள், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சற்று அழுத்தி ஓட்டினால் அலையின் இரண்டு முகடுகளும் ஒரே மாதிரி மழுங்கி மூன்றாம் மடங்கு வரும்: 123. மூளைக்கு 41ஐக் கணக்கிடத் தேவையானவை இந்த இரண்டும்தான்! வால்வு பேஸ் ஆம்பின் அருமை என்று நான் நினைப்பது இதைத்தான். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பும் நல்ல ஆம்பே. ஆனால் அது எல்லை வரை நேராகப் போய், தாண்டியதும் அலையைச் சட்டென்று வெட்டுவதால் மிக உயர்ந்த மடங்குகள் பிறந்து காதைக் குத்தும்.

பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் ஆம்பின் பலமெல்லாம் ஸ்பீக்கரால் தர முடியாத 41க்கே செலவாகிறது. அதிர்வெண் பாதியானால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் காந்தப் பாயம் இரட்டிப்பாகும். இரும்பு திணறும்போது மற்ற சுரங்களும் சேர்ந்து கலங்கும். உங்கள் கொழகொழ அதுதான். பேஸைக் குறைத்து, 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியைக் கூட்டுங்கள். தந்தியைப் புதிதாக மாற்றி, பிரிட்ஜ் பக்கம் சற்றுத் தள்ளி மீட்டுங்கள். பிறகு, பலமாக அடிக்கும்போது மட்டும் ஒலி லேசாகக் கரகரக்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். சின்ன ஆராதனைக் கூடத்தில் 300 வாட்டை அந்த அளவுக்கு ஏற்றவே முடியாது. 1960இல் வந்த ஆம்பெக் பி-15 போல 30 வாட்டைத் தாண்டாத ஆம்ப்தான் அங்கே எடுபடும். அறையும் வேலை காட்டும். 4 மீட்டர் நீள அறையில், நம் ஊர் வெயிலில், 44 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதி எழும்பும். இ தந்தியின் முதல் கட்டையில் வரும் எஃப் அதுவே. அந்த ஒரு சுரம் மட்டும் கும்மென்று கேட்டால் ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

தங்க முலாம் பூசிய கால்கள், 'ஆன்மா உள்ள' பழைய கண்ணாடி என்றெல்லாம் சொல்லி வால்வை விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த ஆரஞ்சு வெளிச்சம் வெறும் சூடேற்றும் இழை. எந்த வால்வு மாட்டியிருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே பாதி மூடநம்பிக்கை கலைந்துவிடும். இதே முறைதான் செவி அறிவியல் முழுவதற்கும் அடிப்படை. அதற்குக் கோடிகள் வேண்டாம். அமைதியான ஓர் அறை, அளவு சரிபார்த்த ஹெட்போன், பொறுமையான மாணவர்கள் போதும். கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள அரசுக் கல்லூரி இயற்பியல் துறைகளுக்கு அந்த ஓர் அறைக்கான நிதியையாவது தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, வாங்கிய ஆம்ப் இரைகிறதா என்று பாருங்கள். நெய்வேலி அனல்மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது விநாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸில்தான் அலைகிறது; ஆம்பில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அதிலிருந்து வருவது. தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று மற்றவற்றோடு இணைந்ததிலிருந்து நாடு முழுவதும் ஒரே தாளத்தில் இதே 50. இ தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். ஓப்பன் ஜி 98. இரைச்சல் அந்தக் கீழ் ஜியை ஒட்டி இருந்தால் கோளாறு பெரும்பாலும் இழைச் சுற்றிலோ எர்த்திலோ இருக்கும். ஓப்பன் ஜியை மீட்டும்போது விநாடிக்கு இரண்டு முறை ஒலி அலைபாய்ந்தால் அது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். பவர் சப்ளை கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் எழுதிய கையேட்டில் இந்தச் சுரங்கள் பொருந்தாது. கெபாசிட்டரை நீங்களே மாற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும், எஸ்.வி.டி.யில் 700 வோல்ட் வரை. வால்வு ரேடியோ பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். உப்புக் காற்றில் வால்வு சாக்கெட்டுகள் பூத்திருக்கும், அதையும் துடைத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்பீக்கரை மாட்டாமல் மட்டும் ஆம்பை ஓட்டவே ஓட்டாதீர்கள். எரிவது அந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான், உள்ளூரில் கிடைக்காத உதிரி பாகமும் அதுதான்.