அறுபதில் திரும்பி வரும் நிலா

அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்க உட்காரும் வீடுகளில் முதல் குழப்பம் தேதியில்தான் தொடங்கும். ஆதார் அட்டையில் ஒரு தேதி இருக்கும். ஜாதகத்தில் தமிழ் மாதமும் நட்சத்திரமும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் விழுவது அபூர்வம். போதாததற்கு, இன்று அறுபதைத் தொடும் பலருக்கு ஆதாரில் உள்ளது பள்ளியில் சேர்க்கும்போது குத்துமதிப்பாகப் போட்ட தேதி. இந்தக் குழப்பத்துக்குள் ஓர் அழகான வானக் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் நாள் குறிப்பதும் எளிது, அறுபது என்ற எண்ணின் கனமும் கொஞ்சம் இறங்கும்.

முதலில், ஏன் அறுபது? வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. ஐந்து சுற்றுக்கு 59.3 ஆண்டு. சனிக்கு ஒரு சுற்று 29.46 ஆண்டு, இரண்டு சுற்றுக்கு 58.9. ஆக, இரண்டு கிரகங்களும் பிறந்தபோது நின்ற இடத்துக்கு அருகில் ஒன்றாகத் திரும்பி வருவது ஏறத்தாழ அறுபது ஆண்டில். வானில் இவை இரண்டும் ஒன்றையொன்று நெருங்குவது 19.86 ஆண்டுக்கு ஒரு முறை. நான்காவது நெருக்கம் முதல் நெருக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும். 1961 பிப்ரவரியில் இவை சேர்ந்தது மகர ராசியில். 2020 டிசம்பர் 21 மாலை, வெறும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே புள்ளிபோலத் தெரியும் அளவுக்கு நெருங்கியதும் மகரத்தில்தான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் இந்தச் சுற்றை ஒட்டி எழுந்தவை. 1966 ஏப்ரலில் பிறந்த பராபவ ஆண்டு, 2026 ஏப்ரலில் மீண்டும் பிறக்கிறது.

கிரகக் கணக்கு துல்லியமானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாக அறுபது ஆண்டு முடியும்போது வியாழன் பழைய இடத்தைத் தாண்டி சுமார் 21 பாகை முன்னே போயிருக்கும், சனி சுமார் 13 பாகை. ஒரு ராசியின் அகலம் 30 பாகை. எனவே அறுபதாவது பிறந்தநாளில் குரு அதே ராசியில் இருப்பதைவிட அடுத்த ராசியில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வியாழன் ஒரு ராசியைக் கடக்க 361 நாள்தான் எடுத்துக்கொள்கிறது. வட இந்தியாவில் அதை அப்படியே பின்பற்றி, ஏறத்தாழ 85 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பெயரை விட்டுவிடுகிறார்கள். நாம் விடுவதில்லை, சூரிய ஆண்டையே எண்ணுகிறோம். அதனால்தான் அங்கே நடக்கும் ஆண்டுப் பெயர் வேறு, இங்கே வேறு.

துல்லியமாகத் திரும்புவது நிலா. அது ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி அதே நட்சத்திரத்துக்கு வர 27.32 நாள் ஆகிறது. 802 சுற்றுக்கு 21,912 நாள். அறுபது ஆங்கில ஆண்டு என்பது, நடுவில் வரும் 15 லீப் நாட்களையும் சேர்த்து, 21,915 நாள். வித்தியாசம் 3 நாள். அதாவது, அறுபதில் ஜென்ம நட்சத்திரம் வருவது உண்மையான ஆங்கிலப் பிறந்த தேதிக்கு ஏறக்குறைய 3 நாள் முன்னால். நிலாவின் வேகம் சீராக இல்லாததால் இது அரை நாளுக்குச் சற்று மேல் முன்பின் ஆகும். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க அதற்குச் சில சமயம் 21 மணி நேரம் போதும், சில சமயம் 27 மணி நேரம் தேவைப்படும்.

அந்த நாளில் இன்னொன்றும் கூடி வருகிறது. அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.53 நாள். அப்படி 742 மாதங்களைக் கூட்டினாலும் 21,912 நாளுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆகவே நிலா அதே நட்சத்திரத்துக்கு மட்டும் வரவில்லை, ஏறத்தாழ அதே திதியிலும் வருகிறது. வளர்பிறை பஞ்சமியில் பிறந்தவருக்கு அறுபதாம் நட்சத்திரப் பிறந்தநாளிலும் வானில் பஞ்சமி நிலாவோ, அதை ஒட்டிய பிறையோதான் நிற்கும். சோதித்துப் பார்க்கலாம்: 1966-இல் சித்ரா பௌர்ணமி மே 4 இரவு. 2026-இல் மே 1 இரவு. அதே மூன்று நாள் வித்தியாசம்.

கணக்கு இடறுவது மாத எல்லையில். தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள்வரை ஓடும். சூரியனிலிருந்து பூமி மிகத் தொலைவில், மெதுவாக நகரும் ஆனியில் மாதம் நீளம். அருகில், விரைந்து நகரும் மார்கழியில் குறுக்கம். எல்லா மாதமும் 27.32 நாளைவிடப் பெரிது என்பதால், மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரங்கள் சில மாதக் கடைசியிலும் இன்னொரு முறை வரும். அப்போது பின்னதைக் கொள்வதே பெரும்பாலான குடும்பங்களின் வழக்கம். ஆடி 2-இல் பிறந்தவருக்கு மூன்று நாள் பின்னோக்கிப் போனால் ஆனியில் விழுந்துவிடும். பிறந்த மாதத்துக்குள் அதே நட்சத்திரம் வேண்டுமென்றால் ஆடி 25, 26 வரை காத்திருக்க வேண்டும், திதியும் ஒத்துப்போகாது. தமிழ் மாதத்தின் முதல் ஒரு வாரத்தில் பிறந்தவர்கள் வீட்டில் பஞ்சாங்கத்தை இரண்டு முறை பார்த்த பிறகே அறை பதிவு செய்யுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். ஜாதகம் எதில் கணித்ததோ அதையே பாருங்கள்.

இவ்வளவும் வானத்தில். உடலுக்குள் ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நிறையும் இரவில் எதுவும் மாறுவதில்லை. ஆனால் மனம் பத்துப் பத்தாக எண்ணிப் பழகியது. பத்தின் மடங்கு நெருங்கும்போது வாழ்க்கையை நிறுத்திக் கணக்குப் பார்க்கிறது. 29, 39, 49 என ஒன்பதில் முடியும் வயதுகளில் வாழ்வின் பொருளைப் பற்றிய கேள்விகள் கூடுகின்றன என்று ஆய்வாளர்கள் ஆடம் ஆல்டரும் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் 2014-இல் எழுதினார்கள். அந்த விளைவு மிகச் சிறியது என்று பின்னர் மறுத்தவர்களும் உண்டு. நம் ஊரில் எண்ணோடு இன்னொரு சுமையும் சேர்கிறது: தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயது அறுபது. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் மாலையும் பொன்னாடையுமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாதத்தில் அப்பா சிடுசிடுவென்று இருந்தால், வயதைவிட, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்ப இடமில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

இதில் குடும்பப் பயணம் எப்படி உதவுகிறது? உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது: முன்னால் இருக்கும் காலம் குறைகிறது என்று உணரும்போது மனிதர்கள் புதிய அறிமுகங்களைவிட நெருங்கியவர்களையே நாடுகிறார்கள், அதில் நிறைவும் அடைகிறார்கள். எனவே முந்நூறு பேர் மண்டபத்தைவிட ஒரு வேனில் அடங்கும் பன்னிரண்டு பேர் மேல் என்பது எங்கள் கருத்து. நினைவாற்றல் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டுகின்றன: வயதானபின் மிகத் தெளிவாக மேலெழுபவை பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை. போகும் வழியில் அவர் படித்த பள்ளியோ முதல் வேலை பார்த்த ஊரோ இருந்தால் ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள்.

பலரும் போவது மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூருக்கு. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் என்பது ஐதிகம். சென்னையிலிருந்து காரில் ஐந்து, ஆறு மணி நேரம். இந்தப் பயணத்தில் பிசகுவது பெரும்பாலும் மணமக்களின் உடல்தான். வயது கூடக்கூட தாகம் தாமதமாகத் தெரியும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, இறக்கி, நடக்கவிட்டு, தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு ஹோமம் முடியும்வரை வெறும் வயிற்றில் உட்கார்ந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், பதில் சொல்வதில் தடுமாற்றம் தெரிந்தால் சடங்கை நிறுத்தி உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அன்று எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது எழுந்து நிற்கும் நேரம். நீண்ட நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தவர் எழும்போது இரத்தம் கால்களில் தேங்கும். இளம் வயதில் இரத்தக்குழாய்கள் நொடியில் சுருங்கி ஈடுகட்டிவிடும், அறுபதுக்கு மேல் அது தாமதமாகலாம். நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளி இறங்கினால் மருத்துவத்தில் அது ஒரு கோளாறு. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு வாய்ப்பு அதிகம். கலச நீர் ஊற்றி முடிந்தபின் ஈரப் புடவையோடு ஈரக் கல்தரையில் எழும் அம்மாவுக்குத்தான் ஆபத்து கூடுதல். எழுவதற்குமுன் பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், இரு பக்கமும் கைகொடுங்கள், முப்பது நொடி நின்றபின் நடக்கவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவருக்கு மணை உயரத்தில் சிறு ஸ்டூல் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டால் கிடைக்கும்.

முந்தின இரவே போய்த் தங்கினால் உடலுக்கும் நல்லது, நிலாவையும் பார்க்கலாம். சில கிலோமீட்டர் தெற்கே தரங்கம்பாடி கடற்கரை, கிழக்குப் பார்த்தது. பிறந்தது பௌர்ணமி என்றால் சூரியன் மறையும் வேளையில் நிலா கடலிலிருந்து எழும். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு திதிக்கும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாமதமாகும், தேய்பிறை அஷ்டமிக்கு நள்ளிரவு. வளர்பிறையின் முதல் பாதியில் பிறந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, மாலையில் மேற்கே பார்க்க வேண்டும். பேரக்குழந்தைகளிடம் காட்டிச் சொல்லலாம்: தாத்தா பிறந்த அன்றும் நிலா இந்த அளவுதான் இருந்தது. அமாவாசையில் பிறந்தவருக்குக் காட்ட எதுவும் இருக்காது. அவருக்குத்தான் திருக்கடையூரில் ஒரு கதை இருக்கிறது. தை அமாவாசையன்று மன்னர் திதி கேட்க, அம்பிகையின் முகத்தில் லயித்திருந்த அபிராமி பட்டர் பௌர்ணமி என்று சொன்னதும் அங்கேதான்.