ஓதம் ஏறிய சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்துப் பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குச் சுவர் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரல் வைத்தால் செங்கல் மாவாகக் கொட்டும். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, கொத்திவிட்டு சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். கொஞ்ச காலம் தாங்கும். பிறகு பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். ஓதமும், அதாவது நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரமும், முன்பைவிட உயரே ஏறியிருக்கும்.

செங்கல்லின் நுண்துளைகள் நிலத்திலிருந்து உறிஞ்சுவது உப்புக் கரைசலை. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீர்விட்டுக் கரையும்; கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் ஓர் இரவுக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவிலேயே இது நடந்துவிடும். கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுப்பதால், மழையில்லாத நாளிலும் சுவர் பிசுபிசுக்கிறது.

உடைப்பது படிகம்தான். அது துளையின் சுவரோடு ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் தடிமனில் கரைசல் படலம் நிற்கிறது. அதன் வழியே அயனிகள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், இடமில்லாதபோதும் படிகம் வளர்ந்து செங்கல்லைத் தள்ளுகிறது. சிமெண்ட் பூச்சு வெளிவழியை அடைப்பதால் இத்தனையும் பூச்சுக்குப் பின்னால், கண்ணில் படாமல் நடக்கிறது.

குழாய்க் கசிவையும் சுவரடியில் தேங்கும் தண்ணீரையும் முதலில் நிறுத்துங்கள். உப்புத் தடத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேதான் போகும்.

அடுத்து பத்து, அதாவது உப்பை உறிஞ்சி எடுக்கச் சுவரில் அப்பும் கூழ். ஊறவைத்து அரைத்த வெள்ளைத்தாள் கூழ், வெள்ளைக் களிமண், கழுவிச் சலித்த ஆற்றுமணல் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் நல்ல தண்ணீரில் பிசைந்து, சுவரை லேசாக நனைத்து, 2 செ.மீ. கனத்துக்கு அப்புங்கள். பத்தின் துளைகள் செங்கல்லின் துளைகளைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும்; சிறிய துளைதான் பெரியதிலிருந்து கரைசலை உறிஞ்சும். வெறும் மணலை அப்பிப் பயனில்லை. முழுக்கக் காய்ந்தபின் உரித்து எடுங்கள். அதில் 50 கிராமை அரை லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து குறித்துவையுங்கள். அடுத்தடுத்த பத்தில் அளவு குறைந்து நிலைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அவசரப்படுகிறவர்கள் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது.

பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளை. எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம். மிச்ச உப்பு இந்தப் பூச்சில் பூத்து உதிரும், செங்கல் பிழைக்கும்.

கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இந்தப் பத்து உதவாது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடல்நீரில் அது சுமார் 19 கிராம். குளோரைடால் கம்பி துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அதனால் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ, அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.