பம்பர் டு பம்பர்: தேய்மானக் கழிவில்லாக் காப்பீடு

புது கார் எடுக்கும்போது ஷோரூமில் "பம்பர் டு பம்பர் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். முன் பம்பரில் தொடங்கி பின் பம்பர் வரை எது போனாலும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நினைத்து நாமும் தலையாட்டிவிடுகிறோம். பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், பாலிசியில் இருப்பது வேறு.

ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பொதுவாகக் குறிப்பது வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி நிற்கும் போக்குவரத்து நெரிசலை. அமெரிக்காவில் கார் கம்பெனி தரும் விரிவான வாரன்டிக்கும் இதே பெயர். நம் ஊரில் இது ஜீரோ டிப்ரிசியேஷன், சுருக்கமாக ஜீரோ டெப், என்கிற கூடுதல் கவருக்கு ஏஜென்ட்டுகள் சொல்லும் செல்லப்பெயர். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு பம்பர் டு பம்பர் காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டபோது இந்தப் பெயர் செய்தித்தாளெல்லாம் வந்தது. வழக்கோ விபத்தில் இறந்தவருக்கான இழப்பீடு பற்றியது, கடைகளில் அந்தப் பெயரில் விற்பதோ பம்பர், ஹெட்லைட் மாற்றும் செலவுக்கான கவர்! செப்டம்பரிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

சரி, அந்த டிப்ரிசியேஷன் என்ன? தமிழில் தேய்மானம், அதாவது பழசாகப் பழசாகப் பாகங்களின் மதிப்பு குறைவது. தேய் என்ற வினையோடு, வருமானம், கட்டுமானம் போல, மானம் சேர்ந்து வந்த சொல். நம் வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது, இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். பம்பரே பிளாஸ்டிக் தானே, புதுசு 12,000 ரூபாய் என்றால் 6,000 உங்கள் பையிலிருந்து போகும், அதற்கு மேல் எல்லா க்ளைமிலும் பிடிக்கிற கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் (1500 சிசிக்கு மேல் 2,000). ஜீரோ டெப் இருந்தால் அந்த 6,000 மிச்சம், கட்டாயக் கழிவு மட்டும் அப்படியே நிற்கும்.

அதனால் 'முழுக் காப்பீடு' என்று இதைத் தமிழாக்குவது தப்பு. வண்டி தேயாமல் இருக்கப்போவதில்லை, கழிக்காமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். 'தேய்மானக் கழிவில்லாக் காப்பீடு' கொஞ்சம் நீளம்தான், ஆனால் என்ன வாங்குகிறோம் என்பது பெயரிலேயே தெரிகிறது.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் இது உதவாது, அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுக்க வேண்டும், சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கார் திருடு போனாலும் ஐடிவி எனும், பாலிசியில் வண்டிக்கு அறிவித்த மதிப்புதான் கிடைக்கும், வாங்கிய விலை வேண்டுமென்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கவரைத் தனியாக எடுக்க வேண்டும். டயர், பேட்டரியைப் பல கம்பெனிகள் இதில் சேர்ப்பதில்லை, ஆண்டுக்கு இத்தனை க்ளைம்தான் என்று வரம்பும் வைப்பார்கள்.

முதல் ஐந்து ஆண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அப்புறம் வண்டி பழசாகப் பழசாகத் தருகிற கம்பெனிகள் குறையும், பிரீமியம் ஏறும், அப்போது சாதாரண காம்ப்ரிஹென்சிவே போதும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் சட்டத்துக்குச் சரி, ஆனால் உங்கள் கார் நசுங்கினால் ஒரு பைசா வராது. எதை எடுத்தாலும் ஏஜென்ட் சொன்ன பெயரை விட்டுவிட்டு, பாலிசித் தாளில் ஆட்-ஆன் (கூடுதல் கவர்) பகுதியில் ஜீரோ (Zero) அல்லது நில் (Nil) டிப்ரிசியேஷன் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.