அரைக் கிலோ ஸ்பானர்தானே?

உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பு தொடங்கியதும் ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்து, எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்பேன். ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அரைக் கிலோ இருக்கும் சார்" என்பார்கள். சரி, இது 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால்? "அப்பவும் அரைக் கிலோதானே?" என்று எந்த வகுப்பிலும் ஒருவராவது கேட்டுவிடுவார்.

அவர் சொல்வதில் தப்பில்லை. விழும்போதும் பூமி அதை அதே விசையோடுதான் இழுக்கிறது. எடை என்பதே அந்த இழுவிசைதான். ஒரு கிலோ நிறைக்குச் சுமார் 9.8 நியூட்டன். ஸ்பானர் மேசைமேல் கிடக்கும்வரை மேசை அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்கிறது. கையிலிருந்து நழுவிவிட்டால் தாங்க ஆளில்லை. அதன் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் ஏறிக்கொண்டே போகும். முதல் விநாடியில் ஏறக்குறைய 5 மீட்டர்தான் இறங்கும். அடுத்த விநாடியில் மட்டும் 15 மீட்டர். ஆக, 20 மீட்டரைக் கடக்க இரண்டே விநாடி. கீழே வந்து சேரும்போது மணிக்கு 71 கிலோமீட்டர் வேகம்.

இந்த இரண்டு விநாடியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நழுவியதை மேலே இருப்பவர் உணர வேண்டும், கத்த வேண்டும், அது கீழே இருப்பவர் காதில் விழுந்து அவருக்குப் புரிய வேண்டும். பாதி நேரம் அதிலேயே போய்விடும். மீதி நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்ப்பது. ஹெல்மெட் மறைக்காத முகத்தை நாமே நீட்டிக் கொடுக்கிறோம்! சத்தம் கேட்டால் மேலே பார்க்காதீர்கள். பக்கத்தில் கூரை இருந்தால் அதன் அடியில் ஒதுங்குங்கள். இல்லையென்றால் தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

அடி எவ்வளவு பலமாக விழும் என்பதற்குப் பெரிய சூத்திரம் வேண்டாம். விழுந்த தூரத்தை, பொருள் மோதி நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். எடையைப்போல் அத்தனை மடங்கு விசை சராசரியாக விழும். 20 மீட்டர் விழுந்த ஸ்பானர் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் 2,000 மடங்கு. அரைக் கிலோ, ஒரு டன் ஆகிவிட்டது. வகுப்பில் சிரிப்புச் சத்தம் நிற்பது இந்த இடத்தில்தான்.

ஹெல்மெட் செய்கிற வேலையும் இதே கணக்குதான். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள பட்டைகளும் இடைவெளியும், நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டித் தருகின்றன. அதனால் உள்பட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டால் அது வெறும் தொப்பி. ஐரோப்பியத் தரமான இஎன் 397இன் அதிர்ச்சிச் சோதனையில் 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்மேல் போடுகிறார்கள். நம் ஸ்பானர் 10 மீட்டர் விழுந்தாலே அந்த ஆற்றல் வந்துவிடும். 20 மீட்டரில் அதன் இரு மடங்கு. ஆகவே ஹெல்மெட்டை நம்பி யாரையும் கீழே நிறுத்தாதீர்கள். கருவியைக் கயிற்றில் கட்டுங்கள், சாரத்தின் ஓரத்தில் தடுப்புப் பலகை வையுங்கள், கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுங்கள்.

கனமானவர் வேகமாக விழுவார், ஒல்லியானவர் தப்பிப்பார் என்றொரு நம்பிக்கையும் உண்டு. ஒரு புத்தகத்தின்மேல் அதைவிடச் சிறிய காகிதத்தை வைத்து அப்படியே கீழே விடுங்கள். இரண்டும் சேர்ந்தே தரைக்கு வரும். காகிதம் தனியாக விழும்போது தாமதிப்பது காற்றால்தான். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றே இல்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கனமானவரை நிறுத்தத்தான் கூடுதல் விசை வேண்டும்.

தொங்கும் சுமைக்கும் இது பொருந்தும். ஒரு டன் சுமையை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இறக்கிக்கொண்டிருக்கும்போது, பத்தில் ஒரு விநாடிக்குள் பிரேக் போட்டால் கயிறு தாங்க வேண்டியது இரண்டு டன். சுமையின் எடையை மட்டும் பார்த்துக் கயிறு எடுப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது ஹார்னஸுக்கு, அதாவது உடலோடு சேர்த்து மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டுக்கு வருவோம். ஹார்னஸைப் பிடிமானத்தோடு இணைக்கும் 2 மீட்டர் கயிறான லேன்யார்டின் கொக்கியைக் கால்மட்டத்தில் மாட்டியிருப்பவர் தவறினால், கயிறு இறுகும்முன் 4 மீட்டர்வரை விழுவார். அப்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். கயிறு அவரை 10 சென்டிமீட்டரில் வெடுக்கென்று நிறுத்தினால் உடலில் விழுவது எடையைப்போல் 40 மடங்குக்கு மேல். எலும்பு தாங்காது. லேன்யார்டில் இருக்கும் அதிர்ச்சி தாங்கியான ஷாக் அப்சார்பர் பிரிந்து நீண்டு, விசையை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது சுமார் 600 கிலோ எடை அளவுக்குள், பிடித்துவைக்கிறது. ஆனால் அப்படி நீள அதற்கு 1.75 மீட்டர்வரை தேவைப்படலாம்.

இதைச் சொன்னதும், "நான் நாலு மீட்டர் உயரத்தில்தானே சார் வேலை செய்கிறேன், பெல்ட் போட்டால் போதும்தானே?" என்பார் ஒருவர். கூட்டிப் பார்ப்போம். லேன்யார்டு 2 மீட்டர், அப்சார்பர் நீள்வது 1.75, ஹார்னஸில் லேன்யார்டு இணையும் முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை 1.5, பாதுகாப்புக்கு இன்னொரு மீட்டர். கயிறு கட்டிய இடத்துக்குக் கீழே 6.25 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அவருக்கு இருப்பதோ நாலு. பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தரை பிடித்துவிடும். அவருக்கு வேண்டியது தலைக்கு மேலே நல்ல பிடிமானத்தில் கட்டிய குட்டையான கயிறு, அல்லது கைப்பிடி வைத்த மேடை.