பாஸ்வேர்டை மாற்றினோம், உள்ளே இருந்தவர் வெளியேறவில்லை

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்த்து விற்கும் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, அட்வான்ஸ் போட்டாச்சுன்னு ஒருத்தர் சொல்றார். எனக்கு வரவே இல்ல." நான் பராமரிக்கும் அவருடைய இணையதளத்தைத் திறந்தால், பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தது. பணம் போட்டவரை உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசச் சொன்னேன். கணக்கு எண்ணைத் திருத்தினேன், அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மூன்றாம் நாள் எண் மறுபடி மாறியிருந்தது.

அன்றிரவு சர்வர் லாகை, அதாவது தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவை, வரிவரியாகப் படித்தேன். யாரோ அட்மின் பக்கத்துக்குள் வந்து போயிருக்கிறார். ஆனால் லாகின் பக்கத்தின் பக்கமே அவர் போகவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கலை ஒருமுறை பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டால், அப்புறம் டோக்கன் எண்ணைத்தானே கூப்பிடுகிறார்கள்? தளமும் அப்படித்தான். பாஸ்வேர்டை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நீளமான ஓர் எண்ணைக் குக்கியாக உங்கள் பிரவுசரில் வைக்கிறது. இதுதான் செஷன். அந்தக் குக்கி யார் கையில் இருக்கிறதோ, தளத்துக்கு அவர்தான் முதலாளி.

பெரியவரின் மகன் கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விளக்குப் படங்களை ஏற்றியிருக்கிறார். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யாமல் விண்டோவை மட்டும் மூடிவிட்டு வந்துவிட்டார். குக்கி அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டது. அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன், யாரும் செய்யக்கூடியதுதான். குறை மென்பொருளில். தனியாக எழுதி வாங்கிய அந்த அட்மின் மென்பொருளில் செஷனுக்குக் காலாவதியே இல்லை. பாஸ்வேர்டு மாறினாலும் பழைய செஷன் செல்லுபடியானது. டேட்டாபேஸில் செஷன் அட்டவணையை முழுதாகக் காலி செய்த பிறகுதான் உள்ளே நுழைந்தவர் வெளியே போனார்.

தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் நிம்மதி உண்டு. பாஸ்வேர்டை மாற்றினாலே பழைய குக்கிகள் செல்லாது. மாற்றாவிட்டாலும் சாதாரண லாகின் 2 நாள்தான் செல்லும், 'நினைவில் வை' என்று டிக் செய்தால் 14 நாள். ப்ரொஃபைல் பக்கத்திலேயே மற்ற எல்லா இடங்களிலிருந்தும் லாக் அவுட் செய்ய ஒரு பட்டன் இருக்கிறது.

ஆனால் நீங்கள் ஒழுங்காக லாக் அவுட் செய்தாலும் போதாத ஓட்டைகளும் உண்டு. 2015 டிசம்பரில் வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் வந்தது அப்படிப்பட்டது. பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியை ஜூம்லா சரிபார்க்காமலே செஷனோடு சேமித்தது. அந்த வரியில் விஷமக் குறியீட்டை வைத்து அனுப்பினால் போதும், லாகின் இல்லாமலே தாக்குபவர்களால் சர்வரில் தாங்கள் நினைத்ததை இயக்க முடிந்தது. 1.5 முதல் 3.4.5 வரை எல்லாப் பதிப்புகளும் மாட்டின. டிசம்பர் 14 அன்று வந்த 3.4.6 அதை அடைத்தது. அதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. அப்டேட்டை 'அறுவடை முடியட்டும், பார்க்கலாம்' என்று யாராவது தள்ளிப்போட்டால் எனக்குப் பதறுகிறது.

உங்கள் தளத்தை இன்றே சோதித்துப் பாருங்கள். இரண்டு பிரவுசர்களில் லாகின் செய்யுங்கள். ஒன்றில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மற்றதில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அது உங்களை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால், தளத்தை எழுதிக் கொடுத்தவரிடம் அதைச் செய்தே காட்டுங்கள். நான் பராமரிக்கும் மற்ற தளங்களையும் அந்த வாரமே இப்படிப் பார்த்தேன். இரண்டு தளங்கள் வெளியே தள்ளவில்லை. அன்று மாலையே அந்த இருவர் கடைக்கும் நேரில் போனேன்.