அமெச்சூர், ஜூனியர்: வின்னிபெக் ஐஸ் ஹாக்கி வழியாக இரண்டு சொற்கள்

"படம் கொஞ்சம் அமெச்சூராக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது பாராட்டு இல்லை என்று நமக்குத் தெரியும். கற்றுக்குட்டி வேலை, கை திருந்தவில்லை என்று பொருள். பல அகராதிகளும் அந்தக் 'கற்றுக்குட்டி'யையே கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் 1920இல் ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனை 12-1 என்றும் செக்கோஸ்லோவாக்கியாவை 15-0 என்றும் துவைத்து எடுத்த, கனடாவின் வின்னிபெக் நகரத்து ஃபால்கன்ஸ் ஓர் அமெச்சூர் அணி. அவர்களைக் கற்றுக்குட்டிகள் என்று எழுத யாருக்கும் மனம் வராது. அப்படியானால் இந்தச் சொல்லையும் அதோடு ஒட்டி வரும் ஜூனியரையும் தமிழில் எப்படித்தான் எழுதுவது?

சொல்லின் வேர் இலத்தீன். 'அமாரே' என்றால் நேசிப்பது, 'அமாத்தோர்' என்றால் நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் ஏறக்குறைய ரசிகர், ஆர்வலர் என்ற பொருளில்தான் வந்தது. காசு உள்ளே நுழைந்தது அப்புறம்தான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விளையாட்டுக் கழகங்கள் இந்தச் சொல்லைக் கொண்டு வேலி போட்டன. ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879இல் எழுதிய விதிப்படி பரிசுப் பணத்துக்குப் படகு வலித்தவர் மட்டுமல்ல, கைத்தொழிலாளியும் கூலியாளும்கூட அமெச்சூர் ஆக முடியாது. திறமையை அங்கே யாரும் அளக்கவில்லை. பிழைப்புக்காக உடம்பை வருத்துகிறவனா, பொழுதுக்காக விளையாடுகிறவனா என்பதுதான் கேள்வி.

இந்த வேலி நமக்கும் புதிதல்ல. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் மேடை ஏறினார்கள். பிழைப்புக்கு நடித்தவர்களை ஊர் 'கூத்தாடி' என்றது, இவர்களை அமெச்சூர் என்றது. அதாவது இந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது கௌரவமான சொல்லாகவே வந்தது. திட்டாக மாறியது பிற்பாடுதான்.

சரி, கனடாவுக்குப் போவோம். வின்னிபெக்கில் ஜனவரி இரவுகளில் குளிர் சர்வசாதாரணமாக மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். கொல்லையில் தண்ணீரைக் கொட்டி வைத்தால் காலையில் ஆடுகளம் தயார். அந்த ஊரின் விக்டோரியாஸ் அணி 1896 பிப்ரவரியில் மான்ட்ரியலுக்குப் போய், கனடா ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்குமுன் கோப்பை மான்ட்ரியலை விட்டு வெளியே போனதே இல்லை. விக்டோரியாஸின் கோல்காப்பாளர் மெரிட் அன்று காலில் கட்டியிருந்தது கிரிக்கெட் பேடு! அப்போது அந்தக் கோப்பை அமெச்சூர்களுக்கானது. சம்பள ஆட்டக்காரர்கள் அதைக் கைப்பற்றத் தொடங்கியதும், அமெச்சூர்களுக்கென்று 1908இல் ஆலன் கோப்பை வந்தது.

ஃபால்கன்ஸ் கதை இங்கேதான் தொடங்குகிறது. அணியில் ஏறக்குறைய எல்லோரும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். தலைவர் ஃப்ராங்க் ஃப்ரெட்ரிக்சன் வின்னிபெக்கிலேயே பிறந்தவர், ஆனால் பள்ளிக்குப் போகும்வரை வீட்டில் ஐஸ்லாந்து மொழிதான். முதல் உலகப்போருக்கு அணியாகவே சேர்ந்து போனார்கள். இருவர் திரும்பவில்லை. திரும்பியவர்களை நகரத்தின் சீனியர் லீக் சேர்த்துக்கொள்ளவில்லை. பிராண்டன், செல்கர்க் ஊர் அணிகளோடு தனி லீக் வைத்து ஆடி, நகரச் சாம்பியனை வென்று, டொராண்டோவில் ஆலன் கோப்பையையும் வென்றார்கள். ஊருக்குத் திரும்ப நேரமில்லாமல் அங்கிருந்தபடியே கிளம்பிக் கப்பலேறி ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். ஐஸ் ஹாக்கியின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அமெச்சூர் என்ற வேலிக்குள் இருந்துகொண்டே இன்னொரு வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வாங்கிய தங்கம். ஃப்ரெட்ரிக்சன் சில மாதங்களிலேயே சம்பள ஆட்டக்காரராகி, 1925இல் விக்டோரியா என்ற ஊரின் கூகர்ஸ் அணியில் ஸ்டான்லி கோப்பையையும் வென்றார். ஆட்டம் மாறவில்லை, வகை மட்டும் மாறியது.

ஒலிம்பிக்குக்கு மறு ஆண்டு, 1921இல், 'வின்னிபெக் ஜூனியர் ஃபால்கன்ஸ்' மெமோரியல் கோப்பையை வென்றது. போரில் இறந்தவர்களின் நினைவாக 1919இல் ஏற்பட்ட ஜூனியர்களுக்கான கோப்பை. இங்கே இரண்டாவது சொல் வருகிறது.

இலத்தீனில் 'யுவெனிஸ்' என்றால் இளைஞன். நம் காதில் விழுந்த யுவனும் யுவதியும் இதற்குத் தூரத்துச் சொந்தம். 'யூனியோர்' என்றால் இன்னொருவரைவிட இளையவர். இந்த 'விட' முக்கியம், ஏனென்றால் ஜூனியர் எப்போதும் ஒரு சீனியரைத் துணைக்கு அழைக்கும். நம் ஊரில் இது பதவிச் சொல்லாகிவிட்டது. ஐம்பது வயதிலும் ஒருவர் பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருக்கலாம். ஜூனியர் அசிஸ்டன்ட் 'இளநிலை உதவியாளர்' ஆனது அதனால்தான், அங்கே அது சரியும்கூட. ஹாக்கியில் ஜூனியர் என்பது வயது: இன்றைய கணக்கில் சுமாராக 16 முதல் 20 வரை. எனவே 'இளநிலை ஹாக்கி' என்று எழுதினால் ஏதோ கீழ்ப்படி ஆட்டம் என்று தோன்றிவிடும். 'இளையோர் ஹாக்கி' பொருந்தும்.

சீனியரில் இன்னொரு குழி இருக்கிறது. ஆலன் கோப்பையை 'மூத்தோர் கோப்பை' என்று எழுதினால், நம் செய்தித்தாள் பழக்கத்தில் 'மூத்தோர் தடகளம்' நினைவுக்கு வந்து, அறுபது வயதுக்காரர்கள் ஆடியதாக எண்ணத் தோன்றும். ஃபால்கன்ஸ் தலைவருக்கு அப்போது 24 வயது. வயதுவரம்பு இல்லாத பிரிவு என்பதுதான் பொருள். 'பொதுப் பிரிவு' என்றோ, குழப்பம் வருமென்றால் சீனியர் என்றே விட்டுவிடுவதோ மேல்.

பெயர்களால் பொருளை ஊகிக்க முடியாது என்பதற்கு 1931 ஓர் உதாரணம். அந்த ஆண்டு இரண்டு கோப்பைகளும் வின்னிபெக்குக்கே வந்தன. ஆலன் கோப்பை வின்னிபெக் ஹாக்கி கிளப்புக்கு, மெமோரியல் கோப்பை எல்ம்வுட் என்ற பகுதியின் பையன்களுக்கு. அந்தப் பையன்கள் அமெச்சூர், ஜூனியர் இரண்டுமே. அணியின் பெயரோ 'மில்லியனேர்ஸ்'!

அமெச்சூருக்கு வருவோம். நாடக உலகில் 'பயில்முறை நாடகக் குழு' என்று எழுதுவார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய வாசகருக்குப் பயிற்சியில் இருப்பவர் என்ற நிழல் விழுகிறது, மறுபடியும் கற்றுக்குட்டி. 'தன்னார்வ' என்றால் ரத்ததான முகாம் நினைவுக்கு வருகிறது. 'ஆர்வலர்' வேருக்கு மிக அருகில் இருக்கும் சொல், வானியல் ஆர்வலர் என்றால் அழகாக உட்காருகிறது. ஆனால் ஹாக்கி ஆர்வலர் என்றால் கேலரியில் உட்கார்ந்திருப்பவர் ஆகிவிடுவார். விளையாட்டுக்கு நான் 'தொழில்முறை சாராத ஆட்டக்காரர்' என்றே எழுதுவேன். நீளம், எதிர்மறை, நேசம் காணாமல் போய்விட்டது, எல்லாம் உண்மை. ஆனாலும் காசு பற்றிய சொல்லைக் காசு பற்றியே சொல்கிறது. அமெச்சூர் கபடிக் கழகம் போல அமைப்பின் பெயரில் இருந்தால் தொடக்கூடாது, திட்டும் இடத்தில் கற்றுக்குட்டியே போதும்.

இந்தக் காசு விவகாரம் வின்னிபெக்கைக் கடைசிவரை விடவில்லை. 1970 உலகச் சாம்பியன் போட்டி மான்ட்ரியலிலும் வின்னிபெக்கிலும் நடப்பதாக இருந்தது. கனடா அணியில் சில தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கலாம் என்று முதலில் ஒப்புக்கொண்ட சர்வதேசக் கூட்டமைப்பு, அமெச்சூர் விதியைக் காட்டிப் பின்வாங்கியது. சோவியத் வீரர்கள் பெயருக்கு ராணுவ உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஆண்டு முழுக்க ஹாக்கி ஆடினார்கள், அவர்கள் மட்டும் அமெச்சூரா என்பது கனடாவின் கேள்வி. கனடா விலகியது, போட்டி ஸ்டாக்ஹோமுக்குப் போனது, 1977 வரை கனடா அந்தப் பக்கம் தலைவைக்கவே இல்லை.

இளையோருக்கும் இதே இழுபறி. கனடாவின் முதன்மை ஜூனியர் லீக்குகளில் ஆடும் பையனுக்குக் கைச்செலவுக்குச் சிறு தொகை கிடைக்கும். கனடாக்காரர்களின் கண்ணுக்கு அவன் ஜூனியர். எல்லை தாண்டி அமெரிக்கக் கல்லூரி அணியில் சேரப் போனால், நீ தொழில்முறைக்காரன் என்று பல ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பினார்கள். 2024 நவம்பரில்தான் அந்த விதியைத் தளர்த்த முடிவெடுத்தார்கள், 2025 ஆகஸ்டிலிருந்து அந்தப் பையன்கள் கல்லூரிக்காகவும் ஆடலாம்.