மத்தியான வெயில் வீட்டுக்குள் எத்தனை மணிக்கு வருகிறது?

கட்டடக்கலை படிப்பவர்களுக்கு ஒரு வேலை கட்டாயம் உண்டு. பழைய வீடு ஒன்றைப் பிடித்து, டேப்பும் கையுமாக அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வேண்டும். நான் வீடு தேடி அலையவில்லை. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் அப்பத்தா வீடு இருக்கிறது. கத்திரி வெயிலில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருப்பது புதூரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. சாயங்காலம் நாலரைக்கு ஃபேனைப் போட்டால், கூரையில் இருக்கும் சூட்டையெல்லாம் வழித்துத் தலையில் கொட்டும். அதே நாலரைக்கு அப்பத்தா பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், வெறுந்தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஏறி மச்சை, அதாவது தலைக்கு மேல் இருக்கும் கூரையை, அடியிலிருந்து தொட்டேன். சூடே இல்லை. "என்னடா தொட்டுத் தொட்டுப் பாக்குற, மச்சுக்குக் காய்ச்சலா அடிக்குது?" என்று படுத்தபடியே ஒரு குரல்.

காய்ச்சல் வரும், ஆனால் நேரம் கழித்து வரும். சூடு கூரைக்குள் ஊர்ந்துதான் போகிறது. மேலடுக்கு முதலில் தன்னைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த அடுக்குக்குக் கொடுக்கும். பரும்படியாகக் கணக்குப் போட்டால், பகலில் ஏறி இரவில் இறங்கும் வெயிலின் சூடு செங்கல்லுக்குள் மணிக்கு 3 சென்டிமீட்டர் நகரும். கான்கிரீட்டில் இன்னும் கொஞ்சம் வேகம். எங்கள் வீட்டுக் கான்கிரீட் 5 அங்குலம். ஒரு மணிக்கு உச்சத்தில் இருக்கும் சூடு நாலரை, ஐந்துக்குள் உள்ளே வந்துவிடும். அப்பத்தா வீட்டு மச்சு 9 அங்குலத்துக்குக் குறையாது. அங்கே அது வந்து சேர ராத்திரி எட்டு மணியாகும். வருவதும் முழுசாக வராது. அவ்வளவு கனத்தைக் கடப்பதற்குள் சூட்டின் ஏற்ற இறக்கம் ஏழில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 5 அங்குலக் கான்கிரீட்டிலோ பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு தேயாமல் உள்ளே வந்துவிடும்.

அந்த மச்சைக் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். இஞ்சினியர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்ன செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் கோணல் வரிசையாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாக, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு. இறுகிய சுண்ணாம்பு அதோடு நிற்பதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வருஷக்கணக்கில் இழுத்து, தான் எந்தச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்ததோ அந்தக் கல்லாகவே திரும்ப மாறிக்கொண்டிருக்கும்.

கூரைக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? மாசி வீதிப் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பக்கச் சுவர்களில் வெயிலே படாது. வாசலும் கொல்லையும் குறுகல். வெயில் தாக்குவதற்கு மிச்சமிருப்பது தலை மட்டும்தான். மதுரை நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே இருக்கிறது. சித்திரை பிறந்த கையோடு, பகல் 12.17 வாக்கில் சூரியன் நட்டநடு உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு முற்றத்துத் துளசி மாடத்துக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். வடக்குச் சுவரில் வெயில் படாது என்று பாடப்புத்தகத்தில் படித்ததைப் பரீட்சையோடு மறந்துவிடலாம். அது வேறு ஊர்க்காரர்களுக்கு எழுதியது.

அப்படியானால் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் முற்றம் முட்டாள்தனம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அகலம் 8 அடி, சுற்றிலும் 12 அடி உயரம். கோணம் போட்டுப் பார்த்தால் கிழக்கு மேற்காக ஓடும் வெயில் தரையைத் தொடுவது சுமார் பத்து மணியிலிருந்து இரண்டரை வரைக்கும்தான். அந்த நேரத்தில் முற்றத்துக் காற்று சூடாகி மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கத்திலிருந்து காற்று வீட்டுக்குள் இழுபடும். வாசலும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதன் பலன் அப்போது கையில் தெரியும்.

ராத்திரியில் இதற்கு நேர் எதிர். மேகமில்லாத இரவில் தட்டோடு தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, முற்றத்துக்குள் இறங்கித் தேங்கும். காலையில் பத்து மணி வரை பட்டாசாலையில் இருக்கும் சில்லிப்பு அந்தத் தேக்கம்தான். மேகம் மூடிய ராத்திரியில் புழுங்குவதும் இதனால்தான். வானத்துக்குப் போன கதிரை மேகம் வாங்கிக்கொண்டு, தன் பங்கையும் சேர்த்து நம் பக்கமே அனுப்பும்.

எதிர்வீட்டில் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். வெளிச்சம் வருகிறது, சூடும் வருகிறது, சூடான காற்றுக்கு மட்டும் வெளியே போக வழியில்லை. இப்போது அங்கே ஏசி ஓடுகிறது. ஷீட்டை இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் திறந்து விட்டிருந்தாலே பாதி தொல்லை தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

எட்டரை மணிக்கு மறுபடி ஏணியில் ஏறினேன். மச்சு வெதுவெதுவென்று இருந்தது. மத்தியான வெயில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. கீழே பார்த்தால் பட்டாசாலையில் அப்பத்தா இல்லை. பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு எப்போதோ மொட்டைமாடிக்குப் போய்விட்டிருந்தது.